வாழைப்பழத்தை நிறுத்தினோம், கொசுவத்தியை நிறுத்தவில்லை: இளைப்பும் உணவு ஒவ்வாமையும் உள்ள ஒரு வீடு

என் மகனுக்கு இளைப்பு என்று தெரிந்த வருடம், எங்கள் வீட்டில் முதலில் நின்றது வாழைப்பழம். அடுத்து தயிர், அதற்கடுத்து இளநீர், ஐஸ்கிரீம். "எல்லாம் குளிர்ச்சி, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று அம்மா சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. அதே வீட்டில், அவன் படுக்கும் கட்டிலுக்குக் கீழே இரவெல்லாம் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்க சாம்பிராணி. அவன் தலைக்கு வைத்தது என் தாத்தா காலத்து இலவம்பஞ்சுத் தலையணை. வாரத்தில் மூன்று நாள் சம்பல் பெலாச்சான், அதாவது இறால் பசை சேர்த்த மிளகாய்த் துவையல். இவற்றின் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது. இளைப்பும் இறால் ஒவ்வாமையும் சேர்ந்து உள்ள பிள்ளையை வளர்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: நம் வீடுகளில் பயப்படுகிற பொருள் ஒன்றாகவும், பயப்பட வேண்டிய பொருள் வேறாகவும் இருக்கிறது. ஏன் அப்படி என்பதை, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

நல்ல நாளிலும் இருக்கும் நோய்

இளைப்பு, வீசிங், ஆஸ்துமா, பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சொல்லும் லெலா, செம்புட் எல்லாமே ஒன்றுதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் எப்போதும் லேசான அழற்சி இருக்கிறது. பிள்ளை ஓடியாடி விளையாடுகிற நாளிலும் அது இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். புகையோ தூசியோ சளிக்காய்ச்சலோ வந்து தொட்டதும் மூன்று காரியம் சேர்ந்து நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உட்சுவர் இன்னும் வீங்கும். கெட்டியான சளி சுரந்து மிச்சமுள்ள வழியையும் அடைக்கும். உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும்போது எழுவதுதான் அந்த விசில் சத்தம்.

நீல நிற இன்ஹேலரில் இருப்பது சால்புடமோல். இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும், நான்கு மணி நேரம்போலத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்துக்கான மருந்து இன்னொரு இன்ஹேலரில் இருக்கிறது. தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு அது. பலன் முழுசாகத் தெரிய நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். இங்கேதான் நாம் சறுக்குகிறோம். நீலத்தை அடித்ததும் மூச்சு வருகிறது, அதனால் அதை நம்புகிறோம். மற்றதை அடித்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லை, போதாக்குறைக்கு ஸ்டீராய்டு என்ற பேர் வேறு. பத்து நாள் கொடுத்துவிட்டு, "இப்பதான் நல்லா இருக்கானே" என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

நானும் அப்படி வைத்தவள்தான். மூன்று வாரம் கழித்து, இரவு இரண்டு மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே நெபுலைசரோடு பிரெட்னிசோலோனும் கொடுத்தார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான், வாய்வழியாக, மில்லிகிராம் கணக்கில். நான் பயந்து நிறுத்திய இன்ஹேலரில் ஓர் அடிக்கு இருப்பது 100 மைக்ரோகிராம் போல. ஒரு மில்லிகிராம் என்பதே 1,000 மைக்ரோகிராம். அதுவும் அந்தச் சின்ன அளவு பெரும்பாலும் நுரையீரலோடு வேலையை முடித்துக்கொள்கிறது. சின்ன அளவுக்குப் பயந்து பிள்ளையைப் பெரிய அளவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

வளர்த்தி குறையுமே என்ற பயத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், முழு வளர்ச்சிக்குப் பிறகு உயரம் சராசரியாக 1 சென்டிமீட்டர் போலக் குறைந்தது தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டே நான் அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019-இல் பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீல இன்ஹேலரை மட்டும் தனியே கொடுப்பதைக் கைவிடச் சொன்னது. எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் ஸ்டீராய்டு ஏதாவது ஒரு வடிவில் கூடவே இருக்க வேண்டும் என்பது இப்போதைய நிலை. உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது பதினைந்து இருபது வருடமாக நீல டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு செய்தியை அவரிடம் சொல்லுங்கள். ஒரு டப்பாவில் 200 அடி. வருடத்தில் மூன்று டப்பா தீர்ந்துவிட்டது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் அது உயிருக்கே ஆபத்தான அறிகுறி. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அப்புறம் ஸ்பேசர். இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி நின்றுவிடும். நடுவில் அந்தப் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் மருந்து புகைபோல மிதந்து நிற்கும், பிள்ளை நிதானமாக இழுக்கலாம். டப்பாவைக் குலுக்கி, ஓர் அடி, நாலைந்து மூச்சு. அடுத்த அடிக்கு மறுபடி குலுக்கி, மறுபடி நாலைந்து மூச்சு. இரண்டு மூன்று அடியைச் சேர்த்து அடித்துவிட்டு இழுக்கச் சொன்னால் மருந்து வீண். கழுவுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு வருடம் பூத்துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன், சுத்தமாக வைத்திருக்கிறேன் என்ற நினைப்பில்.

ஸ்பேசர் கைவசம் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி உண்டு. 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் சரியாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, பாட்டிலின் வாய்ப்பக்கமாக இழுக்கலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாகவே இருக்கிறது என்று 1999-இல் வெளியிட்டார்கள். கிராமத்துக்குப் போகும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

வீட்டுக் காற்று

கொசுவத்திக்கு வருகிறேன். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று அது கண்டது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே!

டெங்கிக்குப் பயந்துதானே வைக்கிறோம் என்பீர்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும்தான் அதற்கு வேகம் அதிகம். இரவு முழுக்கச் சுருளைப் புகையவிட்டுவிட்டு, காலையில் அது அணைந்த பிறகு பிள்ளையைக் கொசுக் கடிக்கு விடுகிறோம். ஜன்னலுக்கு வலை அடித்தோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம், ஃபேனைப் பக்கத்தில் வைத்தோம், பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறோம். சுருள் போய்விட்டது.

சாம்பிராணி அவ்வளவு சுலபமாக இல்லை. அம்மாவுக்கு அது பூஜை, நான் அதில் வாதம் பண்ணவில்லை. இப்போது விளக்கு மட்டும் உள்ளே, தூபம் பால்கனியில், அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. விடியற்காலையில், கூட்டமும் கற்பூரப் புகையும் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டு இறங்கிவிடுகிறோம், இன்ஹேலர் என் கைப்பையில். இன்னொரு புகையும் உண்டு, அதை யாரும் புகையாக நினைப்பதில்லை: காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி. தாளிக்கும்போது அவனை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறேன்.

வெளியே இருந்து வருகிற புகைமூட்டம் நம் கையில் இல்லை. 1997, 2015, 2019 என்று பெரிய வருடங்கள் நினைவில் நிற்கின்றன. சுமத்திரா, கலிமந்தான் பக்கம் கரிநிலக் காடுகள் எரியும் வறண்ட மாதங்களில், ஜூன் முதல் அக்டோபர் வரை, காற்றின் திசை பார்த்து வரும். சில நாள் எங்கள் மாடியிலிருந்து பினாங்குப் பாலமே தெரியாது. ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதமானது, 101-க்கு மேல் ஆரோக்கியமற்றது, 200-ஐத் தாண்டினால் மிகவும் மோசம், 300-க்கு மேல் அபாயம். இளைப்பு உள்ள பிள்ளைக்கு 100-ஐத் தொடும்போதே வெளி விளையாட்டை நிறுத்திவிடுவது என் பழக்கம். தினசரி இன்ஹேலரை ஒரு வேளையும் விடக்கூடாத மாதங்கள் அவை.

தலையணையிலும் சம்பலிலும் ஒரே புரதம்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். தூசி உண்ணி என்ற எட்டுக்கால் உயிர் கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் நின்றால் காய்ந்து செத்துவிடும். பினாங்கில் அது ஏறக்குறைய 80 சதவீதத்தில் வருடம் முழுக்க நிற்கிறது. உண்ணிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. அதன் எச்சம் தூளாகி, படுக்கையில் புரளும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. இரவில் இளைப்பு கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முகத்தைப் புதைத்துப் படுக்கும் தலையணையை மறக்கக் கூடாது.

அந்த உண்ணியின் தசையில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. கரப்பான்பூச்சியிலும் அதுவே கொஞ்சம் வேறு வடிவில் இருக்கிறது. இறால், நண்டிலும் இருக்கிறது. மூன்றும் கணுக்காலிகள், ஒரே குடும்பத்து உறவுகள். உண்ணியைப் பகைக்கக் கற்றுக்கொண்ட உடம்பு, சிலருக்கு, இறாலையும் அதே பகைவன் என்று நினைத்துவிடுகிறது. என் மகனுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம் என்று மருத்துவர் படம் போட்டு விளக்கியபோது, மெத்தைக்கும் சம்பலுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவதை முதல்முறையாகப் பார்த்தேன்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உண்ணி ஒவ்வாமை உள்ள நிறையப் பேருக்கு இரத்தப் பரிசோதனையில் இறாலும் சேர்ந்தே காட்டும். ஆனால் அவர்களில் பலர் இறாலைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். தாளில் வந்த எண் மட்டும் ஒவ்வாமை ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதும் பரிசோதனையும் ஒத்துப்போனால்தான் அது ஒவ்வாமை. பிரச்சினை இல்லாமல் இறால் சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு தாளைப் பார்த்து அதை நிறுத்த வேண்டியதில்லை.

படுக்கைக்கு நாங்கள் செய்தது எளிது. இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டோம் (தாத்தாவை நினைத்து அம்மா கொஞ்சம் அழுதார்). மெத்தைக்கும் புதுத் தலையணைக்கும் உண்ணி நுழையாத நெருக்கமான ஜிப் உறை வாங்கினோம். உறை, போர்வைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும். வீட்டு மெஷினில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே உள்ள காசு போடும் டோபிக்கு மூட்டையோடு போகிறேன், சுடுதண்ணீர் சுழற்சி, பிறகு டிரையர். வெறும் வெயிலில் காயப்போட்டால் உண்ணி சாகலாம், அதன் எச்சம் துணியிலேயே இருக்கும். இதெல்லாம் தினசரி இன்ஹேலருக்கு மாற்று கிடையாது, அதற்குத் துணை.

மாவு டப்பாவையும் சொல்லிவிடுகிறேன். திறந்து வைத்த கோதுமை மாவிலும் பஜ்ஜி மாவிலும் உண்ணி பெருகும். அந்த மாவில் செய்த பண்டத்தைச் சாப்பிட்டு, உண்ணி ஒவ்வாமை உள்ளவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது வெப்ப நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சூடாக்கினாலும் அந்தப் புரதம் முழுதும் அழியாது. எங்கள் வீட்டு மாவெல்லாம் இப்போது இறுக்கிய டப்பாவில், ஃபிரிட்ஜில்.

பினாங்கில் இறால் ஒளிந்திருக்கும் இடங்கள்

உலகத்தில் எந்த ஊரிலும் இறால் ஒவ்வாமையோடு வாழலாம், பினாங்கில் அது தனி வேலை. ஹொக்கியென் மீயின் சாறே இறால் தலையும் ஓடும் வேகவைத்து எடுத்தது. ஆசாம் லக்சாவின் மேலே ஊற்றும் கறுப்புக் கூழ், ஹே கோ, இறால் பசை. ரோஜாக்கில் அதே பசை. பசெம்பூரில் இறால் வடை. நாசி லெமாக்கின் சம்பலில் பெலாச்சான், பக்கத்தில் நெத்திலியும் வேர்க்கடலையும். பெலாச்சான் என்பது சின்ன இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்தது. கண்ணுக்கு இறாலாகத் தெரியாததால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ட்ரோபோமயோசின் சூட்டுக்கு அழியாத புரதம், எவ்வளவு வதக்கினாலும் போகாது.

ஒரு மாலை, சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸ் கடையில், "அங்கிள், உடாங் தாக் மாவு, அனாக் சாயா அலர்ஜிக்" (இறால் வேண்டாம், என் பிள்ளைக்கு ஒவ்வாமை) என்றேன். அவர் நல்ல மனிதர். "போலே, போலே" (சரி, சரி) என்று சொல்லி, எங்கள் தட்டுக்கு இறாலைப் போடாமல் வறுத்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின தட்டுக்கு இறால் வறுத்த அதே வாணலி. அதே கரண்டி. ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது, அது சுரண்டலில் எங்கள் தட்டுக்குள் போனது. காசைக் கொடுத்துவிட்டு, தட்டை நானே சாப்பிட்டேன். மகனுக்கு வீட்டில் தோசை.

நாசி கண்டாரில் ஆபத்து கரண்டியில்தான். குழம்புகளைக் கலந்து பாஞ்சிராக, அதாவது சோறு மூழ்க, ஊற்றுவதுதான் அதன் ருசி, இறால் குழம்பில் முக்கிய கரண்டி எல்லாவற்றுக்கும் போகும். "அண்ணே, கோழிக் குழம்பு மட்டும், புதுக் கரண்டி போட்டு" என்று கேட்டால் கொடுக்கிறார்கள், ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில் போய்க் கேட்க வேண்டும். லெபோ குவீன் பக்கத்துச் சைவக் கடைகள் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் ஒவ்வாமை இறால் இல்லாமல் வேறாக இருந்தால் அதே சைவச் சமையல் சிக்கலாகிவிடும். குருமாவைக் கெட்டியாக்க முந்திரி அரைப்பார்கள். சட்னியில் வேர்க்கடலை. எள்ளொவ்வாமை உள்ளவருக்கு நல்லெண்ணெய் ஆகாது, செக்கெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பால் ஒவ்வாமை வேறு, பால் செரிக்காமை வேறு. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் பால் புரதம் அப்படியே இருக்கிறது, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. தீபாவளிக்கு அச்சு முறுக்கில் முட்டை. நெய் உருண்டை இடித்த உரலில் கடலை. பண்டிகைக்கு அக்கம்பக்கத்திலிருந்து தட்டு தட்டாக வரும், ஒவ்வொரு வீட்டு அக்காவிடமும் என்ன போட்டீர்கள் என்று கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பாக்கெட் உணவுக்கு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இருக்கின்றன. குளுட்டன் உள்ள தானியம், வேர்க்கடலையும் சோயாவும் உட்பட்ட கொட்டைகள், மீன், பால், முட்டை இருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும். இறாலுக்கும் எள்ளுக்கும் சேர்மானப் பட்டியலை வரி விடாமல் படிப்பதே என் வழக்கம். உடாங், பெலாச்சான், பெத்திஸ், மூன்று சொல்லையும் தேடுவேன்.

சௌராஸ்தா சந்தை பக்கம் விற்கும் ஜெரூக் போன்ற பதப்படுத்திய பழங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் சிலவற்றுக்கு சல்ஃபைட் சேர்ப்பதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கும். பெரும்பாலும் அது ஒவ்வாமைகூட இல்லை, எரிச்சல். ஆனால் விளைவு அதே இளைப்பு.

நிறுத்தியதைத் திரும்பக் கொடுத்தோம்

வாழைப்பழம், தயிர், இளநீர் மூன்றுக்கும் என் மகனின் இளைப்போடு சம்பந்தம் இல்லை. பால் சளியைச் சுரக்கவைப்பதில்லை. குடித்ததும் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தோன்றும், அதைத்தான் சளி என்கிறோம். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட உணவு நிஜமாகவே ஆகாமல் இருக்கலாம். அப்படியானால் அது ஒவ்வொரு முறையும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பாகவோ வாந்தியாகவோ மூச்சாகவோ காட்டும். ஒரு நோட்டில் மூன்று வாரம் எழுதிப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும், மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பதும் இருக்கின்றன.

ஐஜிஜி என்ற இரத்தப் பரிசோதனையை நூறு, இருநூறு உணவுகளுக்குச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதில் பணம் போடாதீர்கள். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தத் தாளை நம்பி நான்கு வயதுப் பெண்ணுக்கு அரிசி, கோதுமை, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்தக் குழந்தையின் கை மணிக்கட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒதுக்கிவைப்பதே கெடுதலாக முடியலாம் என்பதற்குப் பெரிய சான்று 2015-இல் வந்தது. கடுமையான எக்சிமாவோ (தோல் தடித்து அரிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இங்கிலாந்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பாதிக்கு அறவே கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்ட பிள்ளைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று வயது வரை கடலையைக் கண்ணில் காட்டாதே என்ற பழைய அறிவுரை அதோடு தலைகீழானது. கடுமையான எக்சிமா உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும், முழுக் கடலையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், மென்மையாக அரைத்துக் குழைத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு அவசரம், இரண்டு மருந்து

இளைப்பும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்த பிள்ளைக்கு, ஒவ்வாமை வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம், அதிலும் இளைப்பு கட்டுக்குள் இல்லாதபோது. அமைதியான நாளில் எடுக்கும் தினசரி இன்ஹேலர் சம்பலிலிருந்தும் ஓரளவு காப்பாற்றுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆபத்தான குழப்பம் ஒன்று இங்கே உண்டு. சாப்பிட்ட சில நிமிடத்தில் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், பழக்கத்தில் கை நீல இன்ஹேலருக்குப் போகும். அது அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமையாக இருந்தால் இன்ஹேலர் போதாது. தொண்டை வீக்கத்தையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அது தடுக்காது. அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் ஊசி. தோலில் தடிப்பு வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது, சிலருக்குத் தடிப்பே வராது. அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை இதற்கு மாற்று ஆகாது. ஊசி முதலில், பிறகுதான் இன்ஹேலர். உடனே 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை, இன்னொரு ஊசி இருக்கிறது என்றால் போடலாம். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. தேறிவிட்டாலும் மருத்துவமனை போக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

பேனா வடிவில் வரும் இந்த அட்ரினலின் ஊசி விலை அதிகம், எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள், நம் வெயிலில் அது கெட்டுவிடும். காலாவதி தேதியை நான் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்கிறேன்.

உணவோடு சம்பந்தமில்லாத இளைப்பு என்றால் வரிசை வேறு. நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு அடி. நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேறவில்லை என்றால் இன்னும் நான்கு, கூடவே 999. முழு வாக்கியம் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும். விசில் சத்தம் திடீரென நின்று பிள்ளை சோர்ந்துபோனால் அது தேறிய அடையாளம் இல்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியர், கேன்டீன் அக்கா இருவரிடமும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன், மலாயில். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது தமிழில். பகலில் அவனோடு இருப்பது அம்மாதான், அவருக்கு மலாய் வாசிக்க வராது. மேல்பாதியில் "சும்மா இருக்கும்போது மூச்சு வாங்கினால்", கீழ்பாதியில் "சாப்பிட்ட பிறகு மூச்சு வாங்கினால்", இரண்டுக்கும் கீழே 999, வீட்டு முகவரி, மாடி எண். ஊசி போடும் பாகத்தைப் பயிற்சிப் பேனாவை வைத்து அம்மாவைச் செய்யச் சொன்னேன். முதல் தடவை கை நடுங்கியது. நான்காவது தடவை என் தொடையில் நன்றாக அழுத்திப் பிடித்து, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினார். அப்புறம் எழுதும் பேனாவைக் கேட்டு வாங்கி, தாளின் கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "ஊசி, டிவி அலமாரி மேல் தட்டு, சிவப்புப் பை."